தொண்ணூற்று நாலு சதவீதம்

அவளை டிப்போவில் எல்லோரும் எட்டாம் நம்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று கேலியும் பேசுவார்கள். பதினொரு வருஷமாக அதே எட்டாம் நம்பர் தடம். ரயில் நிலையத்தில் கிளம்பி, பெரிய ஆஸ்பத்திரி, நீதிமன்றம், மார்க்கெட் வளைவு, மேம்பாலம், அட்டைப்பெட்டித் தொழிற்சாலை என்று இருபத்து மூன்று நிறுத்தங்களைத் தாண்டி, குடியிருப்புகளின் கடைக்கோடியில் போய்த் திரும்ப வேண்டும். டிப்போவில் நூற்றுப் பதினேழு டிரைவர்கள். அதில் பெண்கள் மூன்றே பேர். அவள்தான் மூத்தவள், நாற்பத்து மூன்று வயது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏறிய ஆள் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கம்பியைப் பிடிக்க வேண்டும். அதைத் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் கிளட்சிலிருந்து காலை எடுப்பாள். அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். "எட்டாம் நம்பர் அக்கா நம்மள உக்கார வெச்சு, குடிக்கத் தண்ணி குடுத்துட்டுத்தான் வண்டிய எடுக்கும்" என்று அவளுடைய கண்டக்டரே கிண்டல் செய்வான். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அந்தக் கண்டக்டருக்கு இருபத்தொன்பது வயது. அவள் அவனைத் தம்பி என்பாள். மூன்று வருஷமாக ஒரே வண்டியில் ஓடுகிறார்கள். கடைக்கோடி நிறுத்தத்தில் ஒவ்வொரு நடைக்கும் ஒன்பது நிமிஷம் ஓய்வு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், அப்படி ஒரு ஓய்வில் அவன் தன் போனைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தான். என்னடா என்று எட்டிப் பார்த்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திரையில் ஒரு மஞ்சள் சதுரம் இடமிருந்து வலமாகத் தானே ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த முடியாது, மெதுவாக்க முடியாது, பின்னால் போகவும் முடியாது. விரலால் தொட்டால் குதிக்கும். நம் கையில் இருப்பது அது ஒன்றுதான். எதிரே முட்கள், பள்ளங்கள், சுழலும் ரம்பங்கள். எதில் பட்டாலும் சதுரம் தூள்தூளாகி, கண் இமைக்கும் நேரத்தில் முதல் அடியிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். பாதி வழியில் நின்று மூச்சு வாங்க ஒரு இடம் கிடையாது. கூடவே ஒரு பாட்டு. எங்கே குதிக்க வேண்டுமோ அங்கேதான் பாட்டில் அடி விழும். கண்ணை நம்பிக் குதிப்பவன் அகப்படுவான். காதை நம்புகிறவன் தாண்டிவிடுவான்.

குடு பார்க்கலாம் என்று வாங்கினாள். மூன்றாவது நொடியில் செத்தாள். மறுபடி மூன்றாவது நொடி. அடுத்தது நாலு. வண்டி எடுக்கும் நேரமாகிவிட்டது என்று அவன் கை நீட்டியபோது, "இரு, இன்னொரு தடவை" என்றாள். அந்த வாரக் கடைசிக்குள் அவள் போனிலும் அந்த விளையாட்டு ஏறிவிட்டது. மூன்றாவது கட்டத்தோடு தம்பி அலுத்துப்போய் விட்டுவிட்டான். அவள் விடவில்லை. வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் போனில் பேசும்போது, தன் தோழிகள் யாருமே பன்னிரண்டாவது கட்டத்தைத் தாண்டவில்லை, நீ பதினைந்தா என்று வாயைப் பிளந்தாள்.

அவள் கணவருக்குத்தான் இது பிடிபடவில்லை. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். பொறுமையான மனுஷர். ஆனால் ஒரே இடத்தில் முந்நூறு தடவை சாவதில் என்ன சுகம் என்று ஒருநாள் கேட்டேவிட்டார். அவள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"ரோட்டுல அடுத்தவன் பண்ற தப்புக்கெல்லாம் நான் பிரேக் போடறேன். இதுல செத்தா என் தப்பு மட்டும்தான். முள்ளு நேத்து இருந்த எடத்துலதான் இன்னிக்கும் இருக்கு. உடனே திரும்ப ஆரம்பிச்சுடலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பதினெட்டாவது கட்டத்தின் பெயர் இரும்புத் தோட்டம். மொத்தம் ஒரு நிமிஷம் நாற்பத்தொரு நொடி. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று திரையின் உச்சியில் சதவீதம் ஓடும். அவள் அந்தக் கட்டத்தைத் தன் தடமாகவே பழகிக்கொண்டாள். இருபதில் வரும் நெருக்கமான மூன்று படிகள் ஆஸ்பத்திரி. நாற்பத்தேழில் சதுரம் தலைகீழாகி மேற்கூரையில் ஓடும் இடம் மார்க்கெட் வளைவு. எழுபதில் நீண்ட பறத்தல் மேம்பாலம். இதையெல்லாம் நாலு மாதத்தில் கட்டைவிரல் தானாகவே கற்றுக்கொண்டது. தொண்ணூற்று நாலில்தான் மாட்டிக்கொண்டாள். அங்கே பாட்டு அரை நொடி நின்றுவிடும். அடி விழ வேண்டிய இடத்தில் அடி விழாது. விழாத அந்த அடிக்குக் குதிக்க வேண்டும். ஒரு மயிரிழை முந்தினாலும் முள், பிந்தினாலும் முள். முப்பத்தாறு தடவை அங்கே வந்து செத்திருந்தாள். அந்தக் கணக்கு அவளுக்கு மனப்பாடம். தன் கல்யாண நாள்கூட அவ்வளவு சட்டென்று ஞாபகம் வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து நாற்பதுக்கு வண்டி எடுக்க வேண்டும். பத்து முப்பத்தெட்டுக்குத் தொண்ணூற்று நாலில் முப்பத்தேழாவது முறையாகச் செத்தாள். அந்தத் தடவை முள்ளைக் கிட்டத்தட்ட தாண்டிவிட்டாள். கை சூடாக இருந்தது. இப்போது விட்டால் போச்சு என்று உடம்பெல்லாம் சொன்னது. நேரம் இருக்கிறதா என்று பார்க்கக்கூட இல்லை, தொட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி போயிற்று, மார்க்கெட் வளைவு போயிற்று, மேம்பாலம் போயிற்று. தொண்ணூற்று நாலு. செத்தாள். கை தானாக இன்னொரு தடவை தொட்டது. அதில் பாதி வழியிலேயே விழுந்தாள்.

நிமிர்ந்தபோது தம்பி வெளியே நின்று அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். ரெண்டு தடவை விசில் ஊதிவிட்டானாம். மணி பத்து நாற்பத்திரண்டு.

போனைப் பைக்குள் போட்டு, பையை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தாள். ரெண்டு நிமிஷம் பெரிய குற்றமொன்றும் இல்லை. ஆனால் அது பின்னால் வரும் வண்டியின் நேரத்தை முட்டும், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நேரம் குறிப்பவர் முகத்தைச் சுளிப்பார். போகிற வழியில் பிடித்துவிடலாம் என்று நினைத்தாள். நீதிமன்ற நிறுத்தத்தில் ஒரு தையல்கார அம்மா ஏறினார். வாரத்தில் மூன்று நாள் வருகிறவர்தான். தைத்த துணிகளைப் பெரிய பையில் போட்டு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கதவு மூடியது. அவள் கிளட்சை விட்டாள்.

முப்பது அடி போயிருக்காது. இடதுபக்கச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் அம்பு மாதிரி குறுக்கே வந்தது. அவள் கால் பிரேக்கில் ஏறி நின்றது. சைக்கிளுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்தது. சைக்கிள்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அவளுக்குப் பின்னால் கனமாக ஏதோ விழும் சத்தமும், அதைத் தொடர்ந்து ஒரு சின்ன முனகலும் கேட்டன. தையல்கார அம்மா கம்பியின் அடியில் கிடந்தார். வலது கை மணிக்கட்டு போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பையிலிருந்த ரவிக்கைகள் இருக்கைகளுக்கு நடுவே நெடுகச் சிதறியிருந்தன.

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிப் போனது.

மறுநாள் டிப்போவுக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பயணி எழுதியது. டிரைவர் போனில் விளையாடிக்கொண்டே ஓட்டினார், அவர் கட்டைவிரல் தட்டிக்கொண்டே இருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று அதில் இருந்தது. அவள் விளையாட்டுப் பைத்தியம் டிப்போ முழுக்கத் தெரிந்த சங்கதி. கேன்டீனில் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, ஒன்பது நாள் கழித்து விசாரணை, அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்றார். கடிதத்தை அவளிடமே படிக்கக் கொடுத்தார். படித்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. போன் பைக்குள் இருந்தது, அது சத்தியம். ஆனால் கட்டைவிரல்?

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டாள். அவர் தயங்கிவிட்டுச் சொன்னார். சாப்பிடும்போது தட்டோரத்தில் தட்டுகிறாள், துணி மடிக்கும்போது தொடையில் தட்டுகிறாள், போன மாதம் அவர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது நாற்காலிக் கையில் தட்டினாள். ரொம்ப நாளாகவே இப்படித்தானாம். அவளுக்கு அது தெரியவே தெரியாது.

அப்படியென்றால் ஸ்டியரிங்கிலும் தட்டியிருப்பாள். அந்தப் பயணி பொய் சொல்லவில்லை, அரைகுறையாகப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த நொடியில் தன் புத்தி ரோட்டில் இருந்ததா, இரும்புத் தோட்டத்தில் இருந்ததா? அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கண்டக்டர் தம்பி வீட்டுக்கு வந்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தான்.

"டிரிப் ஷீட்ல பத்து நாப்பதுன்னு எழுதிட்டேன்க்கா. அந்த வண்டில ஜிபிஎஸ் பொட்டி ஓடாது, உங்களுக்கே தெரியும். நீங்களும் அதையே சொல்லிடுங்க. போன் பையிலதான் இருந்துச்சுன்னு நானும் சொல்றேன். அது நெசம்தானே."

"ரெண்டு நிமிஷம் லேட்டா எடுத்தோமே."

"அத யார் கேக்கப் போறாங்க?"

கணவர் குறுக்கிட்டு, தம்பி சொல்வதுதான் சரி என்றார். லேட் என்று சொன்னால் ஏன் லேட் என்று கேட்பார்கள், போன் என்று சொல்ல வேண்டி வரும், போன் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்தால் பிறகு எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அவர் பேச்சில் தப்பே இல்லை. தம்பி கிளம்பும்போது அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் சரி என்று எடுத்துக்கொண்டு போனான்.

ஐந்தாம் நாள் தையல்கார அம்மாவைப் பார்க்கப் போனாள். போக வேண்டாம், வழக்கு அது இதென்று கிளம்பும் என்று கணவர் தடுத்தும் கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அதிலேயே கடை, அதிலேயே வீடு. தையல் மெஷின் மேல் ஒரு பழைய போர்வை போர்த்தியிருந்தது. வெட்டி வைத்த துணிகள், குத்திய அளவுச் சீட்டுகளோடு பெஞ்சில் அடுக்கி அப்படியே கிடந்தன. அந்த அம்மாவின் கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டில் இருந்தது. உட்காரச் சொன்னார். சாபம் எதுவும் இடவில்லை. அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியாமல், ஒரு சைக்கிள் குறுக்கே வந்துவிட்டதென்று ஆரம்பித்தாள். அவர் இடக்கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பிரேக் போட்டதுக்கு உன்ன நான் குத்தம் சொல்லல. அந்தப் பையன் பொழச்சான். ஆனா நான் கம்பியப் பிடிக்கறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டியேம்மா. நீ அப்படி எடுக்கற ஆள் கெடையாதே. அன்னிக்கு உனக்கு என்ன ஆச்சு?"

ரெண்டு நிமிஷத்தைப் பிடிக்கத்தான் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த ரெண்டு நிமிஷம் எங்கே போயிற்று என்பதும் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ உளறிவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தம் வரை நடந்தவள், பஸ் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தாள்.

அதன்பிறகு அவளை அரித்தது அந்தக் கட்டைவிரல்தான். தாமதம் அவள் தப்பு, கண்ணாடி பார்க்காதது அவள் தப்பு. அது ரெண்டும் தெளிவு. ஆனால் சைக்கிள் வந்த நொடியிலும் அவள் ஆட்டத்தில் இருந்திருந்தால், அவள் இனிமேல் வண்டியே ஓட்டக் கூடாது. விசாரணையில் யார் என்ன தீர்ப்பு சொன்னாலும் சரி. இதை யாரிடம் கேட்பது?

எட்டாம் நாள், காலை பதினொரு மணி. கணவர் கடைக்குப் போய்விட்டார். குழாயில் அந்த நேரத்தில்தான் தண்ணீர் நன்றாக வரும். சமையலறைக் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு, மேடையில் சாய்ந்து நின்று போனை எடுத்தாள். விபத்துக்குப் பிறகு அந்த விளையாட்டைத் திறக்கவே இல்லை. அழித்துவிடு என்று கணவர் ரெண்டு தடவை சொல்லியிருந்தார். அழிக்கவும் மனம் வரவில்லை, தொடவும் துணிச்சல் வரவில்லை. இன்றைக்கு ஒரு காரியமாகத்தான் எடுத்தாள். ஆடும்போது தன் புத்தி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் தடவை ஆஸ்பத்திரியிலேயே விழுந்தாள். கை மரத்துப்போயிருந்தது. ரெண்டாவது, மூன்றாவது, பத்தாவது. விரல் மெல்ல மெல்ல இளகியது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு தடவை மார்க்கெட் வளைவில் தலைகீழாக ஓடும்போது, தான் குதிக்கவில்லை, பாட்டுதான் தன் விரலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது என்று தோன்றியது. மேம்பாலத்தில் சதுரம் நீளமாகப் பறந்தது. எழுபத்தைந்து. எண்பது. ரம்பங்கள் ரெண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. எண்பத்தெட்டில் எப்போதும் மூச்சு நின்றுபோகும், இப்போதும் நின்றது. நெஞ்சு அடித்துக்கொண்டதும் பாட்டின் அடியும் ஒன்றாகவே கேட்டன. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று மூன்று. பாட்டு அறுந்தது.

அந்த அரை நொடி சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். விரல் துடித்தது. அவள் அதை அடக்கி வைத்திருந்தாள், வைத்திருந்தாள், விட்டாள்.

தொண்ணூற்றைந்து.

அதற்கப்பால் அவள் போனதே இல்லை. என்ன வரும் என்று தெரியாது. வந்ததெல்லாம் புதுசு: ஒரு படி, ஒரு பள்ளம், ரெண்டு முள். காது சொன்ன இடத்திலெல்லாம் தொட்டாள். சதுரம் ஒரு வெள்ளைச் சுவரில் போய் முட்டி, திரையெங்கும் வெளிச்சமாகச் சிதறியது. கட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது. அடியில் முயற்சிகளின் எண்ணிக்கை: ஆறாயிரத்து நானூற்றுப் பதினெட்டு.

கத்த வேண்டும் போலிருந்தது. சத்தம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அப்போதுதான் காலில் ஜில்லென்று பட்டது. குனிந்து பார்த்தாள். வாளி நிறைந்து, வழிந்து, தண்ணீர் சமையலறை முழுக்கப் பரவி, கூடத்துப் பாய் வரைக்கும் போயிருந்தது. அதேசமயம் பக்கத்து வீட்டம்மா வாசல் கதவை உடைக்கிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தார். திறந்தாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் நாலு தடவை மணி அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். "உள்ளதான் இருக்கியா? நாங்க பயந்தே போயிட்டோம்" என்றார் அந்தம்மா.

அவள் ஈரத் தரையில் நின்றபடி அதை யோசித்தாள். வாளி வழிந்தது காதில் விழவில்லை. அவள் காலடியிலேயே வழிந்தது. வாசல் மணி தலைக்கு நேர் மேலே இருக்கிறது, அதுவும் விழவில்லை. ஆட்டத்துக்குள் போனால் அவளுக்கு வெளியே என்று ஒன்று இல்லை. கடைக்கோடி நிறுத்தத்தில் தம்பியின் விசில் கேட்காததும் அதனால்தான்.

சைக்கிள் வந்த நொடி? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். சைக்கிளின் சங்கிலி கிறீச்சிட்டது ஞாபகம் வந்தது. அவன் பின்னால் கட்டியிருந்த தகர டப்பாவின் சத்தம் வந்தது. பின் வரிசையில் ஒரு குழந்தை அழுதது, தம்பி சில்லறை இல்லை என்று யாரிடமோ சலித்துக்கொண்டது, எதிரே வந்த லாரியின் ஹாரன், எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விரல் தட்டியிருக்கலாம். ஆனால் அவள் ரோட்டில்தான் இருந்திருக்கிறாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக அவளுக்கு மூச்சு சரியாக வந்தது. கூடவே, இனி அந்த ரெண்டு நிமிஷத்தை மூடி வைக்க முடியாது என்பதும் தெரிந்தது.

தரையைத் துடைத்துவிட்டு தம்பிக்குப் போன் செய்தாள். டிப்போவுக்கு எதிரே டீக்கடையில் வந்து நின்றான். நாளைக்கு உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றாள். அவன் முதலில் சிரித்தான், விளையாடுகிறாள் என்று நினைத்து. பிறகு முகம் இருண்டது.

"உங்களுக்காகத்தானக்கா பொய் எழுதினேன். இப்ப நீங்க நல்லவங்களாயிடுவீங்க, நான் கள்ளக் கணக்கு எழுதினவனாயிடுவேன்."

"நான்தான் எழுதச் சொன்னேன்னு சொல்றேன்."

"அது இன்னொரு பொய்."

அவன் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தம்பி சுவரோரம் உட்கார்ந்திருந்தான், அவள் பக்கமே திரும்பவில்லை. புகாரைப் படித்தார்கள். முன்வரிசைப் பயணிகள் ரெண்டு பேர் எழுதிக் கொடுத்திருந்ததையும் படித்தார்கள். டிரைவர் கையில் போன் இல்லை, ரெண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அதிகாரி ஃபைலை மூடப்போகிற மாதிரி அதன்மேல் கையை வைத்தார். அவள் சொல்லாமல் விட்டிருந்தால், அன்று சாயங்காலமே வண்டி அவள் கைக்கு வந்திருக்கும்.

அவள் எழுந்து நின்றாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். வண்டி ஓடும்போது போனைத் தொடவில்லை. ஆனால் பத்து நாற்பதுக்கு எடுக்க வேண்டிய வண்டியை நாற்பத்திரண்டுக்கு எடுத்தேன். நிறுத்தத்தில் விளையாடிக்கொண்டிருந்ததில் கண்டக்டரின் விசில் கேட்கவில்லை. அந்த நேரத்தைப் பிடிக்கப் போய், அந்தம்மா கம்பியைப் பிடித்தாரா என்று பார்க்காமல் வண்டியை எடுத்தேன். பார்த்திருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா, இத நாங்க யாரும் உங்ககிட்ட கேக்கவே இல்லயே."

"அந்தம்மா கேட்டாங்க சார்."

தீர்ப்பு ஒரு வாரம் கழித்து வந்தது. போன் புகார் தள்ளுபடி. தாமதமாக எடுத்ததற்கும், பயணி நிலைகொள்ளும் முன் வண்டியை நகர்த்தியதற்கும் எழுத்து மூலமாக எச்சரிக்கை. மூன்று மாதம் பயணிகள் வண்டி ஓட்டக் கூடாது. டிரிப் ஷீட்டில் நேரத்தை மாற்றி எழுதியதற்காகத் தம்பிக்கு மெமோ. அவனை வேறு தடத்துக்கு மாற்றினார்கள். தீர்ப்பைக் கணவருக்குப் படித்துக் காட்டினாள். வேலை போகாமல் தப்பியதே என்று அவர் பெருமூச்சு விட்டார். அதில் கோபமும் இருந்தது, ஆறுதலும் இருந்தது. அவள் எதையும் கிளறவில்லை.

மூன்று மாதமும் டிப்போ வளாகத்துக்குள்ளேயே வண்டிகளை நகர்த்தினாள். கழுவும் இடத்துக்கு, டீசல் நிரப்பும் இடத்துக்கு, பழுது பார்க்கும் குழிக்கு என்று ஒரு நாளைக்கு நாற்பது வண்டிகள். எல்லாம் காலி வண்டிகள். புது டிரைவர்கள் சிலர் கண்ணெதிரேயே சிரித்தார்கள். ஒருவன் ஜன்னல் வழியாக, "அக்கா, எத்தனாவது கட்டம்?" என்று கத்தினான். அவள் வண்டியை இம்மி பிசகாமல் கோட்டுக்குள் நிறுத்திவிட்டு இறங்கிப் போனாள்.

தையல்கார அம்மாவின் கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு கூடியது, ஆனால் கட்டைவிரல் முழுசாக மடங்கவில்லை. வெட்டவும் தைக்கவும் முடிந்தது; கொக்கி வைக்கவும் பொத்தான் துளை போடவும் முடியவில்லை. அவள் தன் வார விடுமுறை நாட்களில் போய், தைத்து முடித்த துணிகளைப் பையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. நாலாவது மாதம், இனி நானே போய்க்கொள்கிறேன் என்று பையைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார். மன்னித்துவிட்டாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டு வாங்கும் சரக்கா அது?

வண்டி திரும்பக் கிடைத்தபோது, தடம் பதினாலு. எட்டில் வேறொருவர் ஏறிவிட்டார். பெயர் மட்டும் மாறவில்லை. பதினாலாம் நம்பரை ஓட்டும் எட்டாம் நம்பர் அக்காவானாள்.

விளையாட்டை அவள் அழிக்கவில்லை. கணவர் எதிர்பார்த்தார், மகளும் எதிர்பார்த்தாள். வேலை நாட்களில் போனை டிப்போ அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஆடுகிறாள், அதுவும் கணவர் வீட்டில் இருந்தால்தான். அடுப்பையும் குழாயையும் வாசலையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்காருவாள். அவர் காவல்காரர் மாதிரி செய்தித்தாளோடு கூடத்தில் உட்காருவார். ஒருநாள் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். பத்து நிமிஷம் பார்த்தார். அவள் ஒவ்வொரு தடவை சாகும்போதும் அவரும் பல்லைக் கடித்தார். அவளுக்கு அது தெரியவே இல்லை. பிறகு அவர் சொல்லித்தான் தெரியும்.

தீர்ப்பு வந்து ஐந்து மாதம் கழித்து, ஒரு மத்தியானம் டிப்போ கேன்டீனில் அவள் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்டக்டர் தம்பி தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான். விசாரணைக்குப் பிறகு அவர்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சாப்பிட்டார்கள். புதுத் தடத்து டிரைவரைப் பற்றி அவனே ஆரம்பித்தான். யார் ஏறினார்கள், யார் விழுந்தார்கள் என்றே பார்க்காமல் எடுக்கிறானாம். ஜனங்கள் அவனைத் திட்டாமல் கண்டக்டரைத் திட்டுகிறார்களாம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"எனக்கு இன்னும் கோபம் போகலக்கா" என்றான்.

"தெரியும்" என்றாள்.

அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.